லாத்தாவின் காது

அவுங்க பேரு எனக்குக் கடைசிவரைக்கும் தெரியாது. கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க, நான்தான் கேக்கல. பரங்கிப்பேட்டை முஸ்லிம் வீடுகள்ல அக்காவை லாத்தாம்பாங்க. நானும் லாத்தான்னே கூப்பிட்டேன். ரசீதுல அவுங்க மாமனார் பேரை எழுதிக்குவேன். அறுபத்தஞ்சோ அறுபத்தாறோ, சிதம்பரம் மேல வீதியில நான் ரேடியோ ரிப்பேர் கடை வச்சிருந்த சமயம். எனக்கு இருபத்தேழு வயசு. தலைக்கனம் வயசைவிட ஜாஸ்தி. டிரான்சிஸ்டரைத் தொறந்து மூடத் தெரிஞ்சவன் இந்தத் தாலுக்காவுலயே நான் ஒருத்தன்தான்னு நெனப்பு. அந்த நெனப்பைக் கழட்டி என் மேசை மேலயே வச்சுட்டுப் போனவங்க லாத்தா.

ஆளு ஒசரம். வெள்ளைத் துப்பட்டியைத் தலையோட போத்திக்கிட்டு, விறுவிறுன்னு நடந்து வருவாங்க. பின்னாலயே மூச்சு வாங்கிக்கிட்டு நாத்தனார் வரும். அது எப்பவும் மடியில வேர்க்கடலை வச்சிருக்கும். கடை பெஞ்சுல உக்காந்தா எழுந்திரிக்கிற வரைக்கும் ஒடைச்சுத் தின்னுக்கிட்டே இருக்கும். அந்தத் தோலைக் கூட்டுறது என் வேலை.

லாத்தாவுக்கு ஒரு கொணம். யாரு எதைச் சொன்னாலும், அது சொன்ன மாதிரியே வரணும். நடுவுல யாரும் உப்புக்காரம் சேக்கக் கூடாது. நாத்தனார் பேச்சுவாக்குல, "எங்க உம்மா ஒங்கமேல கோவமா இருக்காங்க"ன்னு ஒரு நாள் ஆரம்பிச்சுச்சு.

"கோவம்னு மாமி சொன்னாங்களா, நீயா சொல்றியா?"

"பாத்தா தெரியாதா?"

"மாமி என்ன சொன்னாங்க, அதைச் சொல்லு."

"'இன்னிக்கும் சிதம்பரம் போறாளா'ன்னாங்க."

"அவ்ளோதான? போறேன். அதுக்கு எதுக்குக் கோவத்தைக் கொண்டாந்து போடுற?"

நாத்தனாரு அடுத்த கடலையை எடுத்துக்கிச்சு. "சொன்னதைச் சொல்லுங்க, நெனச்சதைச் சொல்லாதீங்க." இது அவுங்க வாயில நாளுக்குப் பத்துத் தடவை வரும். பஸ் கண்டக்டர் இதோ எடுத்துடுவோம்னா, இதோன்னா எத்தினி மணின்னு கேப்பாங்க. அவன் பாவம், வாட்ச்சைப் பாத்து மணி சொல்லுவான். வேற எந்தப் பயணிக்கும் அவன் மணி சொல்லி நான் பாத்ததில்ல.

பின்னால எனக்குப் பொண்ணு பாத்தப்பகூட இப்படித்தான். பொண்ணு வீடு புவனகிரி. லாத்தா பட்டுப்புடவை எடுக்கற நெசவுக்காரர் வீட்டுக்குப் பக்கத்து வீடு. எப்படி இருக்குதுன்னு பாத்துட்டு வாங்கன்னு கெஞ்சிக் கேட்டேன். போயிட்டு வந்து, "பொண்ணு எங்கிட்ட நாலு வார்த்தை பேசுச்சு தம்பி. நாலையும் சொல்றேன், மிச்சத்தை நீங்களே நெனச்சுக்கங்க"ன்னாங்க. நாலையும் சொன்னாங்க. அதுல ஒண்ணு, மாப்பிள்ளை கோவக்காரராங்கறது. அதுக்கு என்ன லாத்தா பதில் சொன்னீங்கன்னு கேட்டேன். ஆமாம்னு சொன்னேன்னாங்க. அதுக்கப்புறமும் அந்தப் பொண்ணு என்னைக் கட்டிக்கிச்சுன்னா, அது அதோட தைரியம்.

இப்படிப்பட்டவங்களுக்கு வாய்ச்ச புருசன் ஆறு வருசமா பினாங்குல, ஒரு ஜவுளிக் கடையில. ரெண்டு வருசம்னு சொல்லிட்டுப் போனவரு. அவருக்கு எழுத வராது. கடைக் கணக்கப்பிள்ளைதான் எழுதுவாரு. 'அன்பிற்கும் பண்பிற்கும் பாத்திரமான' அப்படின்னு ஆரம்பிச்சு ரெண்டு பக்கம் ஓடும். அதை மாமனார் கூடத்துல உக்காந்து சத்தமா படிப்பாரு. லாத்தா அதைத் தொட்டுக்கூடப் பாக்க மாட்டாங்களாம். "அது கணக்கப்பிள்ளை எனக்கு எழுதுன கடுதாசி தம்பி. அந்த ஆளு எனக்கு எதுக்கு எழுதணும்?"னு எங்கிட்ட நியாயம் கேட்டாங்க.

அதனாலதான் டேப் ரெக்கார்டர் வந்துச்சு. அக்கரைக்குப் போனவங்க கொஞ்சம் வசதி வந்ததும், பேசிப் பதிஞ்ச டேப் சுருளை, ஸ்பூல்னு சொல்லுவோம், ஊருக்கு வர்ற ஆள்கிட்டக் குடுத்தனுப்புற வழக்கம் அப்பத்தான் தொடங்குச்சு. லாத்தா வீட்டுல பதினாலு உருப்படி. ஸ்பூல் போட்டா பதினாலும் கூடத்துல கூடிடும். அந்த மனுசன் யோசனைக்காரரு. ஒரு பக்கத்துல எல்லாருக்கும் பேசிட்டு, மறுபக்கத்துல பொஞ்சாதிக்கு மட்டும் பேசியிருந்தாரு. அதை அவுங்க தனியா காதுல மாட்டிக் கேக்கறதுக்கு ஒரு பழைய மிலிட்டரி ஹெட்போனும், அதை ஓட்ட ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் பெட்டியும் சேத்து அனுப்பியிருந்தாரு. பெட்டியைச் செஞ்சது அவரோட ரூம்ல இருந்த எவனோ ஒருத்தன். செஞ்ச கை அரைகுறைக் கை. சோப்பு டப்பா அளவுல இருக்கும், உள்ள ஒயரெல்லாம் கோழி கெளறுன குப்பையாட்டம் கெடந்துச்சு.

மொத நாள் லாத்தா அந்தப் பெட்டியையும் ரெக்கார்டரையும் மேசைமேல வச்சாங்க. ஸ்பூல் இருந்த தகர டப்பாவைக் கையிலயே வச்சுக்கிட்டாங்க.

"பெட்டியில பிசிறு அடிக்குது தம்பி. சரி பண்ணணும்."

"ஸ்பூலைக் குடுங்க, போட்டுப் பாக்கறேன்."

"அது எங்க மச்சான் எனக்குப் பேசுனது. வேற யாரும் கேக்கக் கூடாது." மச்சான்னு சொன்னது புருசனை. அவுங்க வழக்கம் அது.

எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. "பல்லைப் பாக்காம பல்லைப் புடுங்கச் சொல்றீங்களே."

"எந்தப் பல்லு வலிக்குதுன்னு நான் சொல்றேன். நீங்க புடுங்குங்க."

அப்படித்தான் ஆரம்பிச்சுச்சு இந்தக் கூத்து. அவுங்க சுவத்தைப் பாக்க ஸ்டூல்ல உக்காந்து, ஹெட்போனை மாட்டி, அதுக்குமேல துப்பட்டியை இழுத்து விட்டுக்குவாங்க. கேக்கறப்போ அவுங்க மொகத்தைக்கூட ஒருத்தர் பாக்கக் கூடாது. நான் வீதியில போய் நிக்கணும். என் கடை, என் மேசை, என் சால்டரிங் அயர்ன், நான் வெளியில. முடிஞ்சதும் நாத்தனார் கடலைத் தோலோட கையை ஆட்டும், நான் உள்ள போவேன்.

"சத்தமா பேசுறப்போ நல்லாருக்குது. கொரலை எறக்கிப் பேசுறப்பதான் அப்பளம் நொறுங்குது"ன்னாங்க.

நான் அப்படியே நின்னுட்டேன். ஏன்னா கோளாறு அதேதான். மீட்டரை வச்சுத் தேடியிருந்தா எனக்கு அரை நாள் ஆகியிருக்கும். அந்தப் பெட்டியோட கடைசிக் கட்டத்துல ரெண்டு டிரான்சிஸ்டர். ரெண்டு பேரு மரம் அறுக்க ரம்பம் இழுக்கற மாதிரி, ஒண்ணு இழுக்கும், அது விட்டதும் இன்னொண்ணு இழுக்கும். கை மாறுற எடத்துல ஒரு சின்ன இடைவெளி விழுந்தா குரல் அங்க ஒடையும். பெரிய சத்தத்துல அது தெரியாது. தணிஞ்ச குரல்ல அதுதான் தெரியும். இவன் விட்றதுக்கு முன்னாடியே அவன் புடிச்சுக்கற மாதிரி கரண்ட்டைக் கொஞ்சம் ஏத்தி வைக்கணும், அதுக்கு ரெண்டு ரெசிஸ்டரை மாத்தணும்.

மாத்துனேன். மாத்துனதைச் சோதிக்கத் தணிஞ்ச குரல் வேணுமே? அவுங்க ஸ்பூல் கெடைக்காது. அதனால நானே ஒரு ஸ்பூல்ல, மைக்குகிட்ட வாயை வச்சு, "சாப்டியா, தூங்குனியா, ஒடம்பு எப்படி இருக்குது"ன்னு குசுகுசுன்னு பேசிப் பதிஞ்சேன். பக்கத்து வெத்தலைக் கடைக்காரரு எட்டிப் பாத்துட்டாரு. "என்ன மாப்ளே, பொட்டிகூடக் குடும்பம் நடத்துற?"ன்னு கேட்டு, அதைத் தேரடி வரைக்கும் கொண்டுபோய் விட்டாரு. ஒரு மாசம் எவனைப் பாத்தாலும் "சாப்டியா?"ன்னுதான் கேட்டான்.

லாத்தா வந்து கேட்டாங்க. "முக்காவாசி போயிடுச்சு தம்பி. நல்ல வேலை"ன்னாங்க. எனக்கு நெஞ்சு நிமிந்துச்சு. "கடைசியில ஒரு எடத்துல மட்டும் இன்னும் இருக்குது."

அந்தக் கடைசி எடம் என் உசிரை வாங்குச்சு. வெளிய போற குரல்ல துளியூண்டு எடுத்து, வாசலுக்கே திருப்பிக் கொண்டாந்து, எங்க கோணலாப் போவுதுன்னு பெட்டிக்கே காட்டித் திருத்திக்க வைக்கிற ஒரு வேலை இருக்குது. ஃபீட்பேக்கும்போம். அதைப் பண்ணுனேன். "நல்லாருக்குது. கடைசி எடம் மட்டும்"னாங்க. கடலூர் திருப்பாதிரிப்புலியூருக்குப் பாசஞ்சர் வண்டியில போய், பார்ட்ஸ் கடையில பதினாறு டிரான்சிஸ்டரைக் கொட்டி ஒண்ணொண்ணா அளந்து, ஒரே கொணமுள்ள ஒரு ஜோடியைப் பொறுக்குனேன். கடைக்காரர் கல்யாணத்துக்கு ஜாதகம் பாக்கறியாடான்னாரு. அந்த ஜோடியை மாட்டுனேன். "தங்கமா இருக்குது தம்பி. கடைசி எடம்…"

எனக்குப் பொறுக்கல. "லாத்தா, பெட்டி சுத்தமா இருக்குது. ஒங்க காதுலதான் கோளாறு"ன்னு கத்திட்டேன். நாத்தனாருக்குக் கடலை தொண்டையில சிக்கிக்கிச்சு.

லாத்தா கோவிக்கல. "இருக்கலாம். காட்டிட்டு வர்றேன்"னாங்க. நான் கோவத்துல சொன்ன வார்த்தை அது. அவுங்களுக்குச் சொன்னா சொன்னதுதான். நாலு நாள்ல கடலூர் போயி காது டாக்டரைப் பாத்துட்டு வந்து நின்னாங்க. "டாக்டர் சொன்னதை அப்படியே சொல்றேன். 'ரெண்டு காதும் நல்லா இருக்குது, எவன் சொன்னான் கோளாறுன்னு?' ஒங்க பேரைச் சொல்லல, மெக்கானிக்னு மட்டும் சொன்னேன்."

அன்னிக்குத்தான், எதுக்கு இவ்ளோ பாடுன்னு கேட்டேன். ஒளிக்காம சொன்னாங்க. எல்லாருக்குமான பக்கத்துல அவுங்க மச்சான், "நான் நல்லாருக்கேன், ஒரு கொறையும் இல்ல, இன்னும் மூணு வருசத்துக்கு மொதலாளிகிட்ட எழுதிக் குடுக்கப் போறேன், நீங்க என்ன சொல்றீங்க"ன்னு பேசியிருக்காரு. வீட்டுல மாடி எழுப்பிக்கிட்டிருந்த நேரம். மாமனார், மாமியார், கொழுந்தன் எல்லாரும் பேஷா இருங்கன்னு சொல்லக் காத்திருக்காங்க. பதில் ஸ்பூலை எடுத்துக்கிட்டுப் போற ஆளு பன்னெண்டு நாள்ல நாகப்பட்டணத்துல கப்பல் ஏறுறாரு. அதுல லாத்தாவும் ஒரு வார்த்தை சொல்லணும்.

"நல்லாருக்கேன்னு சொல்றாங்க. சொன்னதை நம்பறவ நான். ஆனா சொல்ற கொரலு நல்லாருக்கற கொரலான்னு தெரியணுமில்ல? இருந்தா இன்னும் மூணு வருசம் இருந்துடுவேன். இல்லன்னா ஒரு நாளும் இருக்க முடியாது தம்பி." அவுங்க கொரலு எறங்கி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். எனக்குக் கத்துனதுக்கு வெக்கமாப் போச்சு.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம். கேட்டு முடிச்சுட்டு அதே பல்லவியைப் பாடுனாங்க. அதுக்குள்ள நாத்தனார் வாசல்ல நின்னுக்கிட்டு பஸ்ஸு பஸ்ஸுன்னு கத்துச்சு. ரெண்டு பேரும் ஓடுனாங்க. திரும்பிப் பாத்தா, ஸ்பூல் ரெக்கார்டர்லயே இருக்குது.

நான் யோக்கியன்னு சொல்லிக்க மாட்டேன். முதல்ல அதுமேல ஒரு துண்டைப் போட்டு மூடுனேன். ஒரு ஃபேனைக் கழட்டி மாட்டுனேன். ஒரு டீ குடிச்சேன். மனசு அங்கயே நிக்குது. கப்பலுக்கு அஞ்சு நாள்தான் இருக்குது, கடைசி எடத்தை மட்டும் ஒரு தடவை கேட்டா கோளாறு பிடிபட்டுடும், இது வேலைக்காகத்தானன்னு எனக்கு நானே வக்கீல் வச்சுக்கிட்டு, கதவை ஒருக்களிச்சு மூடி, ஸ்பூலைக் கடைசி எடத்துக்குக் கொஞ்சம் முன்னால ஓட்டி வச்சு, ஹெட்போனை மாட்டுனேன்.

என்ன பேசுனாருன்னு இன்னிவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல, இங்கயும் சொல்ல மாட்டேன். பெட்டியில ஒரு மாசு மருவு இல்ல. பின்னால எங்கயோ குழாய்ல தண்ணி சொட்டுறதுகூடத் துல்லியமா கேக்குது. கடைசி எடம் வந்துச்சு. கேட்ட ஒடனே தெரிஞ்சுபோச்சு, எந்த ரெசிஸ்டராலயும் திருத்த முடியாத பிசிறு அது. ஹெட்போனைக் கழட்டி வச்சிட்டேன். முன்னப்பின்ன பாக்காத ஒரு மனுசனோட வீட்டுக்குள்ள செருப்புக் காலோட நொழைஞ்ச மாதிரி இருந்துச்சு.

ராத்திரி படுத்துக்கிட்டுக் கணக்குப் போட்டேன். கேட்டேன்னு சொன்னா அவுங்களுக்கு என்மேல இருந்த நம்பிக்கை போச்சு. வீட்டுக்குத் தெரிஞ்சா அவுங்க படி தாண்டறதும் போச்சு. சொல்லலன்னா, பெட்டியைச் சந்தேகப்பட்டுக்கிட்டே மூணு வருசத்துக்குத் தலையாட்டிடுவாங்க. சரியாயிடுச்சு, இனிமே இதான்னு ஒரு பொய்யைச் சொல்லிடலாமான்னும் நெனச்சேன். அவுங்ககிட்டப் பொய் சொல்றதுக்கும் ஒரு தெறமை வேணும், எங்கிட்ட இல்ல.

மறுநாள் முதல் பஸ்ஸுக்கே வந்துட்டாங்க. ஸ்பூலை டப்பாவுல போட்டு நீட்டுனேன். வாங்கிக்கிட்டு என் மொகத்தைப் பாத்தாங்க.

"கேட்டீங்களா?"

"கேட்டேன் லாத்தா."

நாத்தனார் கடலை ஒடைக்கிறதை நிறுத்திடுச்சு.

"எவ்ளோ?"

"கடைசி எடம் மட்டும்."

"கேட்டது தப்பு."

"தப்புதான்."

"சரி. என்ன கேட்டீங்க, சொல்லுங்க."

"பெட்டியில ஒண்ணுமில்ல லாத்தா. அவுரு அழுவுறாரு."

"அது நீங்க நெனச்சது. கேட்டதைச் சொல்லுங்க."

கேட்டதை மட்டும் சொன்னேன். "பேசிக்கிட்டே இருக்காரு. மூச்சை இழுத்து நிறுத்துறாரு. மறுபடி பேச வாயெடுக்குறாரு, வார்த்தை வரல. இன்னொரு தடவை மூச்சை இழுக்குறாரு. அப்புறம் தொண்டையைச் செருமிட்டு, சிரிச்சுக்கிட்டே வச்சுடறேன்னு சொல்றாரு."

லாத்தா தலையை மெதுவா ஆட்டுனாங்க. "ஆமா. நானும் அதான் கேட்டேன். மொத நாளே."

"மொத நாளேவா? அப்புறம் எதுக்கு இத்தினி தடவை வந்தீங்க? என்னைக் கடலூருக்கெல்லாம் ஓட விட்டீங்களே?"

"கோளாறு பெட்டியாவே இருந்துட்டுப் போகட்டுமேன்னுதான் தம்பி."

சொல்லிட்டுத் துப்பட்டியால மூக்கைத் தொடச்சுக்கிட்டாங்க. நாத்தனார் எழுந்து வந்து அவுங்க முதுகுல கையை வச்சுக்கிச்சு. நீங்க கேட்டது வீட்டுல யாரு காதுலயும் விழுவாதுன்னு நாத்தனாரே எங்கிட்டச் சொல்லுச்சு. அந்தக் கடலை தின்னி மேல எனக்கு அன்னிக்கு ஏற்பட்ட மரியாதை இன்னும் போகல.

லாத்தா கொஞ்ச நேரத்துல நிமிந்துட்டாங்க. "இந்த ஸ்பூல்ல எங்க மச்சான் பேசுனதுக்குப் பின்னால இடம் இருக்குதா?"ன்னு கேட்டாங்க. அஞ்சு நிமிசத்துக்கு இருக்குதுன்னேன். "அவ்ளோ வேணாம்." மைக்கைச் சொருகிக் குடுத்து, எந்தக் கட்டையை அமுக்கணும்னு காட்டிட்டு, நானே போய் வீதியில நின்னேன். வெத்தலைக் கடைக்காரர்கிட்ட நெருப்புப் பெட்டி கேட்டேன், அவரு எடுத்துக் குடுக்கறதுக்குள்ள நாத்தனார் கையை ஆட்டிடுச்சு. பதிஞ்சு முடிச்சாச்சு. கூடத்துல மத்த பதிமூணு பேரும் பேசி வேற ஸ்பூல் ஒண்ணு தயாரா இருந்துச்சு. ரெண்டும் ஒண்ணாக் கப்பல் ஏறிடுச்சு.

நாலு மாசம் கழிச்சு ஒரு நாள், கைலி கட்டுன ஒரு ஆளு கடை வாசல்ல வந்து நின்னாரு. வாட்டசாட்டமான ஆளு, கையில பிஸ்கட் டின்னு, சிரிப்பு வாய் கொள்ளல.

"மெக்கானிக் நீங்கதான? நான் பரங்கிப்பேட்டை. பொட்டி வூட்டுக்காரன்."

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். "வாங்க, உக்காருங்க. எப்ப வந்தீங்க?"

"வந்து ஒரு வாரம் ஆவுது. வூட்ல சொன்னா. எல்லாத்தையும் சொன்னா. நீங்க எத்தினி தடவை தெருவுல நின்னீங்க, எங்க போய் என்ன வாங்குனீங்க, காதுல கோளாறுன்னது, கடைசியில நீங்க போட்டுக் கேட்டது. ஒண்ணு விடல. அவளைப் பத்திதான் ஒங்களுக்குத் தெரியுமே."

"மன்னிச்சுக்கங்க. கேட்டிருக்கக் கூடாது."

டீ வாங்கிக் குடுத்தேன், அவரு அதை ஆத்திக்கிட்டே சொன்னாரு. "அங்க ஒரு ரூம்ல ஒம்பது பேரு. ஆறு வருசம் ஒருத்தன் காதுலயும் விழாமப் பாத்துக்கிட்டேன். அந்தப் பொட்டி செஞ்சவன் அரைகுறைன்னு தெரிஞ்சேதான் அனுப்புனேன். கொரலு ஒடைஞ்சா பொட்டி மேல பழியப் போட்டுடுவான்னு நெனச்சேன். நீங்க அதையும் சரி பண்ணிட்டீங்க." சொல்லிட்டுக் கடை அதிர்றாப்ல சிரிச்சாரு. நானும் சிரிச்சுட்டேன்.

டீயைக் குடிச்சு முடிச்சு எழுந்தாரு. வாசல்ல நின்னு, "அவ என்ன பேசி அனுப்புனான்னு தெரியுமா?"ன்னாரு.

"நான் வீதியில இல்ல நின்னேன்."

"என்னோடதைக் கேட்டீங்கள்ல, இதையும் கேட்டுக்கங்க. ஸ்பூலைப் போட்டேன். நான் பேசுனது முடிஞ்சுச்சு, அப்புறம் அவ கொரலு. எண்ணி மூணே பேச்சு." தொண்டையைச் செருமிக்கிட்டாரு. "'பெட்டியைச் சரி பண்ணியாச்சு மச்சான். நீங்க அழுவுறது நல்லாக் கேக்குது. கெளம்பி வாங்க.'"